காலி அட்டைப்பெட்டிக்கு முன் அளவுநாடா

மே முதல் ஜூலை வரை கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டில் மாம்பழம் இருக்கிறதோ இல்லையோ, மாம்பழம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றாவது இருக்கும். பெங்களூரில் இருக்கும் உறவினருக்கு அனுப்புவதற்காக வாங்கியது, தோப்புக்காரர் கொடுத்தனுப்பியது, பழக்கடையில் கேட்டு எடுத்து வந்தது என்று எப்படியோ அது வந்து சேர்ந்துவிடுகிறது. இதனுடன் தீபாவளி இனிப்புப் பெட்டி, புடவைப் பெட்டி, செருப்புப் பெட்டி, ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், ஊறுகாய் பாட்டில், ஆண்டு முடிந்த தினசரி காலண்டரின் அட்டை, ஆன்லைனில் வாங்கிய பொருளுக்கு மேல் இருந்த பெட்டி, அதற்குள் இருந்த இன்னொரு பெட்டி ஆகியவற்றையும் கூட்டினால், தூக்கிப் போட மனம் வராதவற்றின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் பரணை நிறைத்துவிடும். எதற்காவது ஆகும் என்ற ஒரே காரணத்துக்காக அவை மேலே ஏறுகின்றன, ஏறியவை இறங்குவதில்லை. எங்கள் வீட்டுப் பரணை ஒரு முறை ஒழித்தபோது காலிப் பெட்டிகள் மட்டும் நாற்பதுக்கு மேல் இருந்தன. அவற்றுள் ஒன்றுகூட எதற்கும் ஆகியிருக்கவில்லை.

இந்தப் பெட்டியை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பதில்தான் தவறு தொடங்குகிறது என்பது என் முடிவு. அப்படித் தொடங்கினால் வண்ணக் காகிதம் ஒட்டிய, ஜரிகை சுற்றிய, எந்த அலமாரியிலும் அடங்காத ஒரு பொருள் பிறக்கும். அதை வைப்பதற்கு மறுபடி இடம் தேட வேண்டிவரும். வீட்டில் எந்தப் பொருள் அடிக்கடி தேடவைக்கிறது, அது எந்த இடத்தில் இருந்தால் கைக்குக் கிடைக்கும், அந்த இடத்தின் உள்ளளவு என்ன என்ற மூன்றுக்கும் விடை எழுதிய பிறகே காலிப் பெட்டியைத் தொட வேண்டும். எங்கள் வீட்டில் தேடவைத்தவை கைப்பேசி சார்ஜர் ஒயர்கள், தையல் சாமான்கள், ரேஷன் அட்டை நகல் முதல் சிட்டா நகல் வரையான காகிதங்கள் ஆகிய மூன்றுதான். அவற்றுக்காகச் செய்தவற்றையே இங்கே பெரும்பாலும் சொல்கிறேன்.

கழிக்க வேண்டியவை

சேர்த்து வைத்த அனைத்தையும் மொட்டைமாடியில் பரப்பி, முதலில் ஆகாதவற்றைப் பிரித்துவிடுவது நல்லது. இதில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு: பூச்சிமருந்து வந்த டப்பா, பாட்டில், கேன் ஆகிய எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. மாமரம் பூவெடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பது இங்கே வழக்கம். தக்காளி பயிராகும் பாலக்கோட்டுப் பக்கமும் மருந்து டப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. கெட்டியாகவும் இறுகிய திருகுமூடியோடும் இருப்பதால், அவற்றைக் கழுவி ஆணி போட்டு வைத்தால் என்ன என்ற ஆசை யாருக்கும் வரும். ஆனால் எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கின் உட்சுவரில் ஊறிய மருந்து முழுவதும் போய்விட்டதென்று சொல்ல முடியாது; இன்று ஆணி வைத்த டப்பாவில் நாளை வேறொருவர் உப்பு வைக்க மாட்டார் என்பதற்கும் உறுதியில்லை. லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருந்து, அதன் ஒரு பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களில் எதுவாக இருந்தாலும் அது பூச்சிமருந்துக் கலம்தான். பச்சை நிறம் குறைந்த நஞ்சைக் குறிக்கிறதே தவிர, நஞ்சே இல்லை என்று சொல்வதில்லை. தோட்டத்திலேயே மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானில் ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டு ஒதுக்கிவிட வேண்டும். கழிவறை கழுவும் அமிலம் வந்த பாட்டில்களையும் இதே வரிசையில் வைக்கலாம்.

அடுத்துக் கழிய வேண்டியவை ஒருமுறை நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டிகள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே அலை அலையாக இருக்கும் தாள் பசை விட்டிருக்கும். அழுத்தினால் மெத்தென்று அமுங்குவதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். எண்ணெய்க் கறை படிந்த இனிப்புப் பெட்டியை எவ்வளவு துடைத்தாலும் எறும்பு வந்தே தீரும். தெர்மகோலை நான் எதற்கும் எடுப்பதில்லை. வெட்டினால் மணி மணியாகச் சிதறி வீடு முழுவதும் ஒட்டிக்கொள்வதோடு, வாசனை தூக்கும் ரப்பர் பசைகள் பட்டால் அது கரைந்து குழிந்தும் போகிறது.

மளிகைக் கடையிலிருந்து கேட்டு வாங்கிய பெட்டிகளை உள்ளே கொண்டுவரும் முன் ஒரு முழு நாள் வெயிலில் வைக்க வேண்டும். பெட்டியின் அடிமடிப்புகளைப் பிரித்துப் பார்த்தால், சில வேளைகளில் தட்டைப்பயறு அளவில் கரும்பழுப்பாக ஒரு சிறு கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது கரப்பானின் முட்டைக்கூடு. ஒரே கூட்டுக்குள் பத்துக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். ஒரு பெட்டியை மிச்சம் பிடிக்கப் போய்ச் சமையலறை முழுவதும் கரப்பானை இறக்குமதி செய்துகொள்ள யாருக்கும் விருப்பம் இருக்காது.

உள்ளளவு எடுப்பது

நான் முதன்முதலில் செய்த இழுப்பறைத் தடுப்பு இழுப்பறைக்குள் போகவே இல்லை. முன்பக்கத்து அகலத்தை மட்டும் அளந்து, அதே அளவுக்கு அட்டையை வெட்டியிருந்தேன். பழைய மர மேசையின் பின்பலகையோ நான்கு மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தது. போகாத தடுப்பை அழுத்தித் திணித்ததில் இழுப்பறை திறக்க மறுத்து, கடைசியில் மேசையைக் கவிழ்த்துத்தான் எடுக்க முடிந்தது. அதன் பிறகு எந்த இழுப்பறையையும் முன், நடு, பின் என்று மூன்று இடங்களில் அளந்து, மூன்றில் சிறியதை எடுத்துக்கொண்டு, அதிலும் நீளத்திலும் அகலத்திலும் 3 மில்லிமீட்டரும், உயரத்தில் 5 மில்லிமீட்டரும் குறைத்துக்கொள்கிறேன். ஆழத்தை அளக்கும்போது இழுப்பறையின் உள்ளே மட்டும் பார்க்காமல், அது மூடும்போது மேலே இடிக்கும் குறுக்குச் சட்டம் இருக்கிறதா என்பதையும் விரலை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டையின் தடிமனும் கணக்கில் சேரும். அட்டையின் வெட்டிய ஓரத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால், இரண்டு தட்டையான தாள்களுக்கு நடுவே அலை போல் வளைந்த தாள் தெரியும். அலை ஒரே வரிசையாக இருந்தால் அதை மூன்று பிளை என்றும், இரண்டு வரிசையாக இருந்தால் ஐந்து பிளை என்றும் பெட்டிக் கடைகளில் சொல்வார்கள். மூன்று பிளை ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும், ஐந்து பிளை அதைப்போல் இரு மடங்கும் தடிமன் கொண்டது. இழுப்பறைக்கு மூன்று பிளைதான் ஏற்றது. ஐந்து பிளையில் தடுப்பு செய்தால் சுவர்களே இடத்தை விழுங்கிவிடும். மேலே கனம் ஏற்றி அடுக்கும் பெட்டிகளுக்கு ஐந்து பிளையை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

இழுப்பறைத் தடுப்பு

எங்கள் மேசை இழுப்பறையின் உள்ளளவு 40 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் ஆழம். மேலே சொன்னபடி குறைத்த பிறகு கிடைப்பது 39.7, 29.7, 8.5. இதற்கு 39.7 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு பட்டைகளும், 29.7 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று பட்டைகளும், எல்லாம் 8.5 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிக்கொண்டால், ஒன்றை ஒன்று கவ்வி நிற்கும் பன்னிரண்டு அறைகள் கிடைக்கும். உங்கள் இழுப்பறையின் அளவு வேறாக இருக்கும் என்றாலும் கணக்கு ஒன்றுதான்: பட்டையின் நீளத்திலிருந்து குறுக்கே வரும் சுவர்களின் மொத்தத் தடிமனைக் கழித்து, வேண்டிய அறைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 39.7 சென்டிமீட்டரிலிருந்து மூன்று சுவர்களுக்கு 9 மில்லிமீட்டரைக் கழித்து நான்கால் வகுத்தால் 9.7, 29.7 சென்டிமீட்டரிலிருந்து இரண்டு சுவர்களுக்கு 6 மில்லிமீட்டரைக் கழித்து மூன்றால் வகுத்தாலும் 9.7. அறைகள் சதுரமாக அமைந்தது தற்செயல். அப்படித்தான் அமைய வேண்டும் என்று கட்டாயமில்லை.

வெட்டும் முன் அலை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இழுப்பறைத் தடுப்புக்குப் பட்டையின் நீளவாக்கில் அலை ஓடுமாறு வெட்டுவதே சரி என்பது என் அனுபவம். அப்போது பட்டை பக்கவாட்டில் நெளியாது. கவ்வுவதற்காக வெட்டும் பிளவு அலைக்குக் குறுக்கே வருவதால் கிழிந்து நீளாது. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும் பெட்டியாக இருந்தால் இதற்கு நேர்மாறாக அலை மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். தூண்கள் போல நின்று அதுதான் கனத்தைத் தாங்கும். மாம்பழப் பெட்டியைக் கவனித்தால் அதன் பக்கச் சுவர்களில் அலை நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். ஆகவே பெட்டியின் நீண்ட பக்கத்தைப் படுக்கை வாக்கில் அப்படியே வெட்டாமல், அட்டையைத் திருப்பி வைத்துக் குறியிட வேண்டியிருக்கும். காற்றுக்காக விட்டிருக்கும் ஓட்டைகள் பட்டையில் வந்தால் பரவாயில்லை; பிளவு வரும் இடத்தில் மட்டும் ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பேப்பர் கட்டரும் ஓர் அடி இரும்பு ஸ்கேலும் இருந்தால் வேலை சுத்தமாக வரும். மர ஸ்கேலை வைத்து வெட்டினால் கட்டர் அதன் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டு விரலை நோக்கி வந்துவிடும். அடியில் ஒரு காலண்டர் அட்டையைப் போட்டு, ஒரே அழுத்தில் வெட்டாமல் முதல் இழுப்பில் மேல்தாள், இரண்டாவதில் அலை, மூன்றாவதில் அடித்தாள் என்று மூன்று இழுப்பில் வெட்டினால் ஓரம் நசுங்காது. ஒரே அழுத்தில் வெட்டிய ஓரத்தில் அலை அமுங்கி, பட்டை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போய்விடும். அப்புறம் பிளவு கவ்வாது. மடிக்க வேண்டிய இடங்களில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேலை ஒட்டி ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால், அலைக்குக் குறுக்கே வரும் மடிப்பும் நேராக வரும்.

பிளவுகளைக் குறிக்கும்போது, பட்டையின் ஒரு முனையிலிருந்து 9.7 சென்டிமீட்டர் விட்டு 3 மில்லிமீட்டர் வாய், மறுபடி 9.7 விட்டு 3 மில்லிமீட்டர் வாய் என்று முனை வரை குறித்துக்கொண்டு போக வேண்டும். பிளவின் ஆழம் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 4.3 சென்டிமீட்டராக இருக்கட்டும். நீளப் பட்டைகளுக்கு மேலிருந்தும், குறுக்குப் பட்டைகளுக்குக் கீழிருந்தும் பிளந்தால் ஒன்றின் மேல் ஒன்று இறங்கிக் கவ்விக்கொள்ளும். வாய் இறுக்கமாக இருந்தால் இழுத்துத் திணிக்காமல் ஒரு மயிரிழை அகலப்படுத்துங்கள். தளர்வாகிவிட்டால் அந்த இடத்தில் ஒரு சொட்டுப் பசை போதும்.

பன்னிரண்டு அறையும் ஒரே அளவாக இருப்பது பார்க்கத்தான் அழகு. 9.7 சென்டிமீட்டர் அறைக்குள் கத்தரிக்கோலும் பேனாவும் படுக்காது. அதனால் கோத்து முடித்த பிறகு, வைக்க வேண்டிய பொருள்களை ஒரு முறை வைத்துப் பார்த்து, வேண்டிய இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவரை மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறேன், 19.7 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அறை கிடைத்துவிடுகிறது. சார்ஜர் ஒயர்களுக்குப் பற்பசைப் பெட்டி மிகவும் கைகொடுக்கிறது. பெட்டியைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒரு பக்கம் மூடிய இரண்டு சிறு கூடுகள் ஆகும். ஒயரை நான்கு விரலில் சுற்றி அதற்குள் நுழைத்து, வாய் மேலே தெரியும்படி அறைக்குள் நிறுத்திவிட்டால், ஓர் ஒயரை எடுக்கப் போய் ஐந்து ஒயர்கள் கூடவே வரும் தொல்லை ஒழிகிறது. ஊசி, பட்டன், கொக்கி ஆகியவற்றுக்குத் தீப்பெட்டிகளை ஒட்டிச் செய்யும் பீரோவைப் பள்ளிக்கூடத்தில் செய்யாதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் அதை விளக்கப் போவதில்லை. உரசும் பக்கத்தைத் தாள் ஒட்டி மூட மறக்காதீர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பசை

கடையில் விற்கும் வெள்ளைப் பசை அட்டைக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் நான்கைந்து பெட்டிகளுக்குத் தாள் ஒட்டத் தொடங்கினால் டப்பா எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பது அப்போதுதான் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்குச் செலவில்லாத மாற்று ஒன்று உண்டு. புளி உலுக்கும் பருவத்தில், கிராமங்களில் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். அந்தக் கொட்டைதான் நல்ல பசை. துணி நெசவில் பாவுக்குக் கஞ்சி போடவும் புளியங்கொட்டை மாவு பயன்பட்டு வருகிறது.

ஒரு கைப்பிடி கொட்டையை வெறும் சட்டியில் மேல்தோல் வெடிக்கும் வரை வறுத்து, ஆறிய பின் உரலில் இட்டு இடித்தால் செம்பழுப்புத் தோல் கழன்று வெள்ளைப் பருப்பு தனியாக வரும். தோல் சிறிதும் தங்கக் கூடாது. தங்கினால் பசை சிவந்து, வெள்ளைத் தாளில் கறை ஏறும். ஐம்பது கிராம் அளவு பருப்பை இரவு முழுவதும் ஊறவைத்து, மிக்ஸியில் மைய அரைத்து, அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே சிறு தீயில் இருபது நிமிடங்களுக்கு மேல் காய்ச்ச வேண்டும். முதலில் பால் போல இருப்பது மெல்ல மெல்லக் கண்ணாடித் தன்மை பெற்று, கரண்டியைத் தூக்கினால் நூலாக இழையும் நிலைக்கு வரும். அதுவே இறக்க வேண்டிய பதம். சூடு ஆறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிவிட்டால் கட்டி இருக்காது. இரண்டு நாளுக்கு மேல் வெளியில் வைத்தால் புளித்து நாற்றம் எடுக்கும் என்பதால், அன்றன்றைய தேவைக்கு மட்டும் காய்ச்சுவதே நல்லது.

மைதா பசை காய்ச்சுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, அலுமினியப் பாத்திரத்தையும் அரிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்த்துவிட்டு, பசையை மெல்லியதாகத் தடவி நன்றாகக் காயவைப்பதையே நான் சொல்வேன். இராமபாணப் பூச்சி தேடி வருவது பெரும்பாலும் தடிப்பாகப் பூசிச் சரியாகக் காயாத பசையைத்தான். ஒட்டியவற்றை ஓர் இரவு கனத்தின் கீழ் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கேழ்வரகு அரைத்த பழைய எந்திரக்கல்லின் மேல்பாதி, அரைக்கும் வேலை போன பிறகு, இந்த வேலையைத்தான் செய்துவருகிறது.

வெட்டிய ஓரங்களில் அலையின் வாய் திறந்திருப்பது பூச்சிகளுக்கு வாசல் திறந்து வைத்தது போல. இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் கிழித்த பழைய பருத்தித் துணிப் பட்டையைப் பசையில் நனைத்து, ஓரத்தை இரண்டு பக்கமும் அணைத்தாற்போல் ஒட்டிவிட்டால் ஓரமும் மூடும், பட்டையும் உறுதியாகும். முழுச் சுவருக்கும் தாள் ஒட்டுவதாக இருந்தால் தடிமன் கூடும் என்பதை நினைவில் வைத்து, பிளவின் வாயை அதற்கேற்ப முன்கூட்டியே அகலமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

காலண்டர் அட்டையும் காகிதங்களும்

தினசரி காலண்டரின் அட்டை அலையில்லாத கெட்டி அட்டை. வளையாது, கத்திக்கு நேராக வெட்டுப்படும். தடுப்புச் சுவருக்கும் பெட்டியின் அடிப்பகுதிக்கும் அதற்கு இணையானது வீட்டில் வேறில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. அட்டையின் மேல்பாதியில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு சாமி படம் இருக்கும். ஆணிப் பெட்டிக்கு அடித்தட்டாக ஒரு முருகனைப் போட்டுவிட்டேன் என்று என் மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. படத்தை நனைத்து உரிக்கலாம் என்று முயன்றதில் அட்டையும் ஊறிப் பிரிந்துபோனது. இப்போது படம் இருக்கும் பகுதியை அளவாக வெட்டி எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, நாள்தாள் கட்டு இருந்த கீழ்ப்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதில் இரண்டு பேருக்கும் குறையில்லை. கல்யாணப் பத்திரிகைகளுக்கும் இதே ஏற்பாடுதான். அவற்றின் எழுத்தில்லாத பின்பக்கம் பெயர்ச்சீட்டு எழுதுவதற்கு மிகவும் ஏற்றது.

காகிதங்களுக்கு நிற்கும் பெட்டி செய்ய, ஐந்து பிளை பெட்டி ஒன்றை உள்ளளவில் 31 சென்டிமீட்டர் உயரம், 23 சென்டிமீட்டர் ஆழம், 10 சென்டிமீட்டர் அகலம் வருமாறு வெட்டி மடித்துக்கொள்ள வேண்டும். ஏ4 தாள் 29.7க்கு 21 சென்டிமீட்டர் என்பதால், தாள் உறை ஓரங்கள் மடங்காமல் நிற்க இந்த இடம் போதும். முன்பக்கத்தை 12 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தி, பக்கச் சுவர்களைப் பின்னிருந்து முன்னுக்குச் சாய்வாக வெட்டினால் உறைகளின் தலைப்பு தெரியும். காலண்டர் அட்டையில் ஐந்து தடுப்புகளை வெட்டி, ஒவ்வொன்றின் மேல் ஓரத்திலும் ஒரு நாக்கு நீட்டி விட்டு, மின்கட்டணம், ரேஷன், நிலம், மருத்துவம், பள்ளி என்று எழுதிக்கொள்ளலாம். இந்தப் பெட்டியில் நகல்கள் மட்டுமே இருக்க வேண்டும். பட்டாவையும் சிட்டாவையும் இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ள முடியும். கிரயப் பத்திரத்தின் மூலமும் சான்றிதழ்களின் மூலமும் கரையானுக்கும் ஒழுகும் கூரைக்கும் எட்டாத இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டியவை.

கேன், பாட்டில், டின்

பிளாஸ்டிக் கலங்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் அச்சாகியிருக்கும். 1 என்பது எண்ணெயும் குடிநீரும் வரும், கண்ணாடி போன்ற ‘பெட்’ (PET) பிளாஸ்டிக். 2 என்பது ஷாம்பு, சலவைத் திரவம் வரும் மங்கலான கெட்டிப் பிளாஸ்டிக். 5 என்பது மூடிகளும் ஹோட்டலில் பார்சல் கட்டும் டப்பாக்களும். பெட் கலத்தில் சூடான தண்ணீரை ஊற்றினால் சுருங்கிக் கோணிப் போகும். அதனால் எண்ணெய் கேனை வெதுவெதுப்பான நீரில்தான் கழுவ வேண்டும். சோப்பு மட்டும் போட்டால் கேனின் உட்பக்கம் வழவழப்பு விடாது; ஒரு கைப்பிடி அரப்புத்தூளும் அதே அளவு தவிடும் போட்டு, கால்வாசி நீர் விட்டு மூடி நன்றாகக் குலுக்கி, பதினைந்து நிமிடம் வைத்துக் குலுக்கினால் எண்ணெய் முழுவதும் தவிட்டில் ஏறிக்கொள்ளும். அலசியபின் தலைகீழாக இரண்டு நாள் காயட்டும். லேபிளைக் கிழித்தபின் தங்கும் பிசின் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும்.

கேனின் முன்பக்கத்தைத் தாழ்வாகவும் பின்பக்கத்தை உயரமாகவும், கடையில் அரிசி அள்ளும் கரண்டி போல வெட்டினால், சின்ன வெங்காயமும் பூண்டும் வைக்கும் சுவர்ப்பை ஆகிறது. பக்கங்களில் காற்றுக்காக ஓட்டை போட, கோணி ஊசியைக் குறடால் பிடித்துச் சூடாக்கிக் குத்துங்கள். வாசலில் காற்றோட்டமான இடத்தில், புகையை மூக்குக்கு நேரே பிடிக்காமல் செய்ய வேண்டும். வெட்டிய ஓரம் கையைக் கீறும் என்பதுதான் இதில் பெரும் குறை. இஸ்திரிப் பெட்டியைப் பட்டுத் துணிக்கான சூட்டில் வைத்து, அதன் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, கேனின் ஓரத்தை அதில் ஒன்றிரண்டு நொடிகள் மட்டும் ஒற்றி எடுத்தால், பெட் உள்பக்கமாகச் சுருண்டு மழுங்கிவிடும். மூன்று நொடிக்கு மேல் வைத்தால் வாய் கோணும். தாள் இல்லாமல் வைத்தால் இஸ்திரிப் பெட்டி கெட்டுப்போகும்.

தகர டின்னை வீட்டில் வெட்ட வேண்டாம். 15 கிலோ எண்ணெய் டின்னைத் தகர வேலை செய்பவரிடம் கொடுத்தால், வாயைத் திறந்து, ஓரத்தைக் கம்பி வைத்து மடித்து, கீல் போட்ட மூடியும் வைத்துத் தருவார். அரிசி, கேழ்வரகு போட்டு வைக்க நம் ஊர்களில் பல காலமாக இருந்துவரும் ஏற்பாடுதான் இது. பிஸ்கட், நெய் வந்த மூடியுள்ள டின்களை அப்படியே பயன்படுத்தலாம்.

சமையல் பொருளைப் பொறுத்தவரை ஒரு கட்டுப்பாடு வேண்டும். உணவுப் பொருள் வந்த கலத்தில் மட்டுமே உணவுப் பொருளை வைக்க வேண்டும். அச்சிட்ட அட்டைப்பெட்டியிலும் செய்தித்தாள் விரித்த தட்டிலும் பொட்டலம் கட்டிய பருப்பை வைக்கலாம், வெறும் பருப்பைக் கொட்டக் கூடாது. செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் எச்சரித்திருக்கிறது. மசாலாப் பாக்கெட்டுகளை நிறுத்தி வைக்கச் செருப்புப் பெட்டியை எடுக்கத் தோன்றினால், அதற்குப் பதிலாக இனிப்புப் பெட்டியை எடுங்கள். அட்டையின் அடியில் ஈரம் ஏறாமல் இருக்க, கழுவிக் காயவைத்த அரை லிட்டர் ஆவின் பால் உறைகளைப் பிரித்து விரிக்கலாம். அதில் பசை பிடிக்காது என்பதால் ஓரங்களை ஸ்டேப்ளர் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். மாம்பழச் சாறு வந்த அட்டை உறையின் உட்பக்கம் வெள்ளி போல் மின்னும். நம் தோப்புகளின் பெங்களூரா மாங்கூழும் அப்படிப்பட்ட உறைகளுக்குள்தான் கடைக்குத் திரும்பி வருகிறது. அதை வெட்டிச் சோப்பு நீரில் இரண்டு முறை கழுவி மடித்தால், விதைப் பொட்டலங்களுக்கும் ஃபியூஸ் கம்பிக்கும் ஈரம் புகாத பை ஆகிறது. ஒருமுறை மட்டும் கழுவினால் எறும்பு சாறு தேடி வரும்.

வைத்த பிறகு

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் ஏறும் வீடுகளில், அட்டையில் செய்த எதையும் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்கக் கூடாது. இரண்டு செங்கல் துண்டுகளின் மேல் ஏற்றி, சுவரிலிருந்து மூன்று விரல் இடைவெளி விட வேண்டும். இழுப்பறைத் தடுப்பு ஒன்று இரண்டு, மூன்று ஆண்டுகள் உழைக்கும். நிற்கும் காகிதப் பெட்டி அதற்கும் மேல் வரும். போகிக்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டி, தளர்ந்தவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். துணியும் தாளும் ஒட்டியிருந்தாலும் அட்டைதான் என்று எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக்கையும் அவர்களிடமே கொடுத்துவிடுகிறோம், போகித் தீயில் போடுவதில்லை. புதிய தடுப்புக்கான அளவுகளை மேசையின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மே மாதத்தில் மாம்பழப் பெட்டி வரும்போது மறுபடி அளக்க வேண்டியதில்லை. அதுவரை பரணில் மூன்று பெட்டிகளுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நான்காவது வந்தால், ஏற்கெனவே இருக்கும் ஒன்று இறங்க வேண்டும்.